வீட்டு போன் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரங்களில் சில பிள்ளைகள் வந்து இருப்பார்கள். ரவுட்டர் பூட்டுவது, கமரா பூட்டுவது என்று வீடு வீடாகப் போய்த் தொழில் பழகத் தொடங்கியிருப்பவர்கள். நான் செம்பு வயர் காலத்தில் தூண் ஏறிப் பழகியவன். இன்டர்நெட்டில் ஓடுகிற வீட்டு போனை வயது போன பிறகுதான் படித்தேன். "கோல் வருகுது, ஆனா வெளிய போகுதில்ல" என்று ஒரு வீட்டில் இருந்து கூப்பிட்டால் எங்கே தொடங்குவது என்று அவர்கள் கேட்டார்கள். வாயால் சொன்னது மறந்து போகும். அதனால் எழுதித் தருகிறேன்.

1. முதலில் இந்தப் பழுதின் குணத்தை விளங்கிக் கொள்ளுங்கள். கோல் உள்ளே வராவிட்டால் அது ஒளிந்திருக்காது. லண்டனில் இருந்தோ டொரொன்டோவில் இருந்தோ பிள்ளை எடுப்பான், கிடைக்காது, பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு மொபைலுக்கு எடுப்பான். அரை மணித்தியாலத்தில் யாராவது படலையைத் தட்டுவார்கள். வெளியே போகாத போன் அப்படியல்ல. பிள்ளைகள் எடுக்கிறார்கள், அம்மா பேசுகிறார், எல்லாம் சுகம். தானாக எடுக்க வேண்டிய தேவை வருகிற நாள் வரைக்கும் யாருக்கும் தெரியவே வராது.

நொச்சிமுனைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. கணவர் இரவில் குளியலறையில் விழுந்துவிட்டார். மனைவி அம்புலன்சுக்கு 1990 ஐ அமத்தினார். போகவில்லை. திரும்பவும் அமத்தினார், போகவில்லை. ரோட்டுக்கு ஓடிவந்து சத்தம் போட்டு, எதிர் வீட்டுப் பொடியன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மனிதர் பிழைத்துவிட்டார். பிறகு நான் போய்ப் பார்த்தபோது, அந்த போனில் இருந்து இரண்டு மாதமாக ஒரு கோலும் வெளியே போயிருக்கவில்லை. உள்ளே தினமும் கோல் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே இந்தப் பழுதுக்குக் கூப்பிட்டால் "நாளைக்கு வாறன்" என்று சொல்லாதீர்கள். கமரா பூட்டுகிற வேலை நாளைக்கு இருக்கட்டும்.

2. வீட்டுக்குள் போனதும் போனைத் தொடாதீர்கள். அந்த வீட்டில் போனை எடுப்பவர் யாரோ, அவரைக் கொண்டே அமத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மஞ்சந்தொடுவாய் எல்லையில் ஒரு வீடு. எழுபது தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற மகன் இரண்டு தரம் புது போன் வாங்கிக் கொடுத்துவிட்டான். வந்த பொடியன்மார் எல்லாரும் தாங்கள் அமத்திப் பார்த்து, "நல்லாத்தானே போகுது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொன்னார்: "மனே, நான் எடுத்தா மட்டும் ஒரு பொம்புள வந்து நம்பர் பிழை எண்டு சொல்றா." குரலில் வெட்கம் இருந்தது. தன் புத்திதான் மங்கிவிட்டது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்.

"நீங்களே அமத்துங்க அம்மா" என்றேன். நம்பர் சுவர்க் கலண்டரில் பென்சிலால் எழுதியிருந்தது. முதல் மூன்று இலக்கத்தை அமத்தினார். கழுத்தைத் திருப்பிக் கலண்டரைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். திரும்பி வந்து அடுத்த இரண்டு இலக்கம். திரும்பவும் கலண்டர். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அவருடைய விரல் கீழே இறங்குவதற்குள், போன் குத்தியிருக்கிற இன்டர்நெட் பெட்டி கோலை அனுப்பிவிட்டது. பத்து இலக்கத்தில் ஐந்துதான் போனது. பிழையான நம்பர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

இதுதான் விஷயம். இலக்கங்கள் எல்லாம் அமத்தி முடிந்ததா என்று பெட்டிக்குக் கண்ணால் பார்க்கத் தெரியாது. ஒரு இலக்கத்துக்குப் பிறகு அடுத்தது வராமல் சில செக்கன் போனால், முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பல பெட்டிகளில் அந்த நேரம் நாலைந்து செக்கன்தான். இளம் விரலுக்கு அது தாராளம். நடுங்குகிற விரலுக்கும் கண்ணாடி மாற்றிப் பார்க்கிற கண்ணுக்கும் காணாது.

மருந்து சின்னது. ஒரு வெள்ளை மட்டையில் நம்பரை இரண்டு அங்குல உயரத்தில் எழுதி போனுக்கு நேர் மேலே ஒட்டினேன். இரண்டாவது, அந்த போனில் ரிசீவரைத் தூக்கும் முன்பே நம்பரை அமத்தி, திரையில் பார்த்துச் சரிசெய்து, பிறகு அனுப்புகிற வசதி இருந்தது. அதைப் பழக்கினேன். மூன்றாவது, மகனின் நம்பரையும் தங்கையின் நம்பரையும் ஒற்றைப் பொத்தானில் பதிந்து கொடுத்தேன். பெட்டிக்குள் போய் அந்த நேரத்தைக் கூட்டலாம், ஆனால் பல நிறுவனங்கள் அந்தப் பக்கத்தைப் பூட்டியே வைத்திருக்கின்றன. புது போன் இரண்டும் பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தன.

3. "டொன்" கேட்கிறது, ஆகவே லைன் நல்லம் என்று எண்ணாதீர்கள். செம்பு வயர்க் காலத்தில் ரிசீவரைத் தூக்கினால் கேட்கிற அந்த நீண்ட சத்தம் எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்தது. அது கேட்டால் தூணும் வயரும் எக்ஸ்சேஞ்சும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். நானும் தூணின் உச்சியில் தொங்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் காதைக் கொடுத்திருப்பேன். இப்போது அந்தச் சத்தத்தை உங்கள் வீட்டு மேசையில் இருக்கிற பெட்டியே போட்டுக் காட்டுகிறது. பழக்கப்பட்ட காதுக்காக வைத்திருக்கிற சத்தம் அது. பல பெட்டிகள் நிறுவனத்தோடு தொடர்பு அறுந்தால் டொனையும் நிறுத்திவிடும், சில நிறுத்தாது. அதனால் டொன் இருந்தால் போனுக்கும் பெட்டிக்கும் இடையிலான வயர் நல்லம் என்பது வரைக்கும்தான் தெரியும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

டொனே இல்லை என்றால், பெட்டியின் பின்னால் டெல் என்றோ போன் என்றோ எழுதிய ஓட்டையில் வேறொரு போனை, ஒரு முழ வயரில், நேரே குத்திப் பாருங்கள். டொன் வந்தால் பிழை பழைய போனில் அல்லது இடையில் ஓடுகிற வயரில். இரண்டு ஓட்டை இருந்தால் எதில் நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வீடு கூட்டும்போது வயரைக் கழற்றி மற்றதில் குத்திவிடுவது அடிக்கடி நடக்கும்.

4. அமத்தி முடிந்த பிறகு காதில் விழுவதை வைத்தே பாதி வழி போய்விடலாம். உடனே வேகமாக "டுட் டுட் டுட்" என்றால் கோலை யாரோ மறுத்துவிட்டார்கள்: பெட்டி நிறுவனத்தில் பதிவாகவில்லை, அல்லது கணக்கில் தடை. ஒன்றும் கேட்காமல் அரை நிமிடம் அளவில் கிடந்து பிறகு அறுந்தால் பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் வரவில்லை. வழியில் எங்கோ அடைப்பு. மணி போகிறது, ஆனால் யாரும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. மறுபக்கத்தவர் தெரியாத நம்பர் என்று விட்டிருப்பார். அவருக்கு ஒரு செய்தி போட்டுச் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவுக் குரல் வந்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் கோல் நிறுவனம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் முழுவதையும் கேட்க வேண்டும். எங்கள் நாட்டில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் முதலில் சிங்களத்தில் வரும். எங்கள் அம்மாமார் அந்த இடத்திலேயே ரிசீவரை வைத்துவிடுகிறார்கள். தமிழ் வரும் வரை காதில் வைத்திருங்கள். "இந்த வசதி உங்களுக்கு வழங்கப்படவில்லை" என்பதும் "நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை" என்பதும் வேறு வேறு நோய்.

பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்க முடிகிற இடத்தில் சில எண்கள் தெரியும். இந்த போன்கள் பேசுகிற மொழிக்கு சிப் என்று பெயர். அதன் இப்போதைய விதிகள் 2002 இல் வந்தவை. 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் அப்படி ஒரு நம்பர் இல்லை. 408 என்றால் பதில் வராமல் நேரம் போய்விட்டது. 486 என்றால் மறுபக்கம் பேச்சில் இருக்கிறது. 503 என்றால் நிறுவனத்தின் பக்கம் சேவை இல்லை. இந்த ஐந்தும் மனதில் இருந்தால் போதும்.

5. நம்பரை இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். மட்டக்களப்புக்கு 065. கல்முனை எங்களுக்கு ஒரு பஸ் ஓட்டம்தான், ஆனால் அதற்கு 067. அம்பாறைக்கு 063, திருகோணமலைக்கு 026. "கிட்டத்தானே" என்று கோட் இல்லாமல் கல்முனைக்கு எடுப்பவர்களை இன்னும் காண்கிறேன். மொபைலில் சேமித்த நம்பரைப் பார்த்து எழுதினால் முன்னால் கூட்டல் குறியும் 94 உம் இருக்கும். வீட்டு போனில் கூட்டல் குறி இல்லை. 94 ஐ விட்டு, பூச்சியத்தைப் போட்டு, பத்து இலக்கமாக எழுதிக் கொடுங்கள். பழைய டயரிகளில் ஏழு இலக்கம் வருவதற்கு முன்பிருந்த குட்டை நம்பர்கள் இருக்கும், அவை எந்தக் காலமும் போகாது.

வெளிநாட்டுக்கு 00, பிறகு நாட்டு இலக்கம். லண்டனுக்கு 44, சுவிசுக்கு 41, கனடாவுக்கு 1, கட்டாருக்கு 974, சவூதிக்கு 966. இங்கே ஆட்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. லண்டன் பிள்ளை தன் நம்பரைச் சொல்லும்போது 07 என்று தொடங்கிச் சொல்வான், அங்கே அப்படித்தான் வழக்கம். இங்கிருந்து எடுக்கும்போது 0044 க்குப் பிறகு அந்தப் பூச்சியம் வரக்கூடாது. சுவிஸ் நம்பருக்கும் அதே விதி. ஒரு பூச்சியத்துக்காக ஒரு தாய் ஆறு மாதம் பிள்ளை நம்பரை மாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

6. கனடாவில் இருந்து வந்த பெட்டி. இதை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். லீவில் வந்த பிள்ளை ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ரவுட்டரில் குத்திவிட்டுப் போவான். அதன் நம்பர் டொரொன்டோ நம்பர். அங்கே உள்ளவர்களுக்கு அது உள்ளூர்க் கோல், காசு இல்லை. அம்மாவும் அங்கே எடுக்கலாம். நல்ல விஷயம்தான். "கொமினிக்கேஷன்" கடை வாசலில் துண்டில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு நிமிடக் கணக்குக்குப் பயந்து பேசின காலத்தைப் பார்த்தவன் நான். 1995 இல் கணினிக்குக் கணினி பேசுகிற முதல் மென்பொருள் சந்தைக்கு வந்ததும், 2003 இல் ஸ்கைப் வந்ததும் எங்கள் தாய்மாருக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டபோது எனக்கு உண்மையில் மனம் கனத்தது.

ஆனால் அந்தப் பெட்டி தான் நாவற்குடாவில் இருப்பதை அறியாது. அதற்குத் தான் கனடாவில் இருப்பதாகத்தான் எண்ணம். அதில் நின்று 065 என்று அமத்தினால் போகாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு எடுக்க வேண்டுமென்றாலும் 011, பிறகு 94, பிறகு 65, பிறகு ஏழு இலக்கம் என்று அமத்த வேண்டும். கோல் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும், காசும் வெட்டும். 011 கொழும்பின் கோட்டும்தானே, அதனால் எங்கள் ஆட்களுக்கு இரட்டைக் குழப்பம்.

மிக முக்கியமானது: அந்தப் பெட்டியில் 1990 ஐயும் 119 ஐயும் அமத்தினால் எங்கள் அம்புலன்சுக்கோ பொலிசுக்கோ போகாது. அந்த போனின் முதுகில் "இதில் அம்புலன்ஸ் எடுக்க முடியாது" என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் இந்த நாட்டு போன் ஒன்று, பழைய பொத்தான் மொபைலாவது, சார்ஜோடு இருக்கச் செய்யுங்கள்.

7. பொத்தான்கள். வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். எங்கள் ஊரின் உப்புக்காற்று இரும்பை மட்டுமல்ல, போனையும் தின்கிறது. ஒரு பொத்தான் வேலை செய்யாவிட்டால் அந்த இலக்கம் உள்ள நம்பர்கள் மட்டும் போகாது. வீட்டுக்காரர் "சில ஆக்களுக்குப் போகுது, சில ஆக்களுக்குப் போகுதில்ல" என்று சொல்வார். கேட்பவர் லைனைச் சந்தேகிப்பார். நீங்கள் போகாத நம்பர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு 8 இருக்கும், அல்லது ஒரு 3 இருக்கும்.

நிச்சயப்படுத்த ஒரு வழி. வெளியே போகாவிட்டாலும் உள்ளே வருகிறதல்லவா? உங்கள் மொபைலில் இருந்து அந்த வீட்டு போனுக்கு எடுங்கள். ரிசீவரைத் தூக்கச் செய்து, நீங்கள் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு, 1 இல் இருந்து 0 வரை ஒவ்வொன்றாக அமத்தச் சொல்லுங்கள். எந்தப் பொத்தானுக்குச் சத்தம் வரவில்லையோ அது செத்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதி சேர்ந்த சத்தம்: கிடை வரிசைக்கு ஒன்று, நிலை வரிசைக்கு ஒன்று. 5 ஐ அமத்தினால் 770, 1336 என்று இரண்டு அலைகள் ஒன்றாகப் போகும். ஒரு பொத்தான் மட்டும் ஊமை என்றால் அதன் கீழுள்ள கறுப்பு றப்பர்ப் பொட்டில் அழுக்கு. 1, 2, 3 என்று ஒரு வரிசையே ஊமை என்றால் உள்ளே பலகையில் ஒரு கோடு அறுந்திருக்கிறது. அழுக்கு என்றால் திறந்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பச்சையாகப் பூத்திருப்பதை மெல்லத் துடையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், அந்தக் கறுப்புப் பூச்சு போனால் போனதுதான்.

சுழற்றுகிற பழைய போனை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. அது சுருதியில் பேசாது, வெட்டி வெட்டிப் பேசும். பெரும்பாலான பெட்டிகளுக்கு அந்த மொழி புரியாது. பொத்தான் போனிலும் அடிப்பக்கத்தில் டி, பி என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கலாம், அது டி யில் இருக்க வேண்டும்.

8. பில்லைக் கேளுங்கள், ஆனால் மரியாதையாகக் கேளுங்கள். காசு கட்டாமல் விட்டால் பல நிறுவனங்கள் முதலில் வெளியே போகிற கோலைத்தான் நிறுத்தும், உள்ளே வருவதை விட்டுவைக்கும். நொச்சிமுனை வீட்டில் நடந்தது அதுதான். பில்லை வெளிநாட்டில் இருந்து மகள் கார்ட் மூலம் கட்டிவந்தாள். கார்ட் காலாவதியாகிவிட்டது. எச்சரிக்கை எல்லாம் அவளுடைய பழைய மின்னஞ்சலுக்குப் போனது. இங்கே அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. "பில் கட்டல்லையா?" என்று பக்கத்து வீட்டார் முன்னால் கேட்காதீர்கள். "கணக்கு நம்பரைத் தாங்க அம்மா, ஒருக்காப் பார்ப்பம்" என்று கேட்டால் காரியமும் நடக்கும், மனமும் நோகாது.

வெளிநாட்டுக் கோலுக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கலாம். பேரப்பிள்ளைகள் விளையாடிப் பெரிய பில் வந்த பிறகு யாரோ போடச் சொல்லியிருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள்.

9. எத்தனை போன் அந்த லைனில் இருக்கிறது என்று அறை அறையாகப் பாருங்கள். ஒன்றின் ரிசீவர் சரியாக உட்காரவில்லை என்றால் மற்றது எதிலும் கோல் எடுக்க முடியாது. பழைய வீட்டு வயரிங்கைப் பெட்டியோடு இணைத்திருந்தால், அது ரோட்டில் இருந்து வருகிற பழைய செம்பு லைனில் இருந்து கட்டாயம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த லைனில் இன்னும் 48 வோல்ட் இருந்தால் பெட்டியின் போன் பக்கம் கருகிப் போகலாம்.

10. இனிப் பெட்டியின் லைட்டுகள். பவர், பொன், லொஸ், இன்டர்நெட், போன் என்று வரிசையாக இருக்கும். லொஸ் சிவப்பாக மின்னினால் பைபரில் வெளிச்சம் வரவில்லை. அப்போது போனில் தேடாதீர்கள், வயரைப் பின்தொடர்ந்து போங்கள். தலைமயிர் அளவு கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடுகிற நடு வழி ஒன்பது மைக்ரோன்தான். கதிரையின் கால் ஏறினாலோ, யன்னல் நிலையில் மடிந்தாலோ வெளிச்சம் வெளியே சிந்திவிடும். கழற்றிய பைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனால் கண் சிமிட்டவும் மாட்டாது. இன்டர்நெட் லைட் இருந்து போன் லைட் மட்டும் இல்லையென்றால் பிழை போன் கணக்கின் பதிவில். பெட்டியைக் கரண்டில் இருந்து கழற்றி ஒரு நிமிடம் பொறுத்துக் குத்துங்கள். அப்போதும் வராவிட்டால் நிறுவனத்துக்கு எடுக்க வேண்டியதுதான்.

11. கரண்ட் போனால் போனும் போகும் என்பதை வயதானவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். அவர்கள் அதை நம்பமாட்டார்கள், அவர்கள் மேல் பிழை இல்லை. செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே கரண்ட் வந்தது. ஊர் முழுக்க இருண்டு கிடக்கிற இரவிலும் ரிசீவரைத் தூக்கினால் டொன் கேட்டது. கண்ணாடி இழை வெளிச்சத்தை மட்டும் கொண்டுவரும், கரண்டைக் கொண்டுவராது. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டியதில் நாடு முழுக்க இருண்டது. அந்த நாட்களில் எத்தனை வீட்டு போன்கள் ஊமையாகிக் கிடந்தன என்று யோசித்துப் பாருங்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் இருக்கிறது. பெட்டியின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டேஜுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பியில்லா போன் என்றால் அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும். மாரியில் இடி முழக்கம் தொடங்கினால் பெட்டியையும் அடித்தட்டையும் கரண்டில் இருந்து கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

12. கோல் போகிறது, மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. இதையும் வீட்டார் "கோல் போகுதில்ல" என்றுதான் சொல்வார்கள். குரல் ஒரு செக்கனுக்கு ஐம்பது சின்னப் பொதிகளாக வெட்டப்பட்டுப் போகிறது. வழமையான முறையில் ஒரு பேச்சுக்கு ஒரு திசைக்கு 90 கிலோபிட் அளவில் இடம் போதும்; சின்ன இடம்தான். ஆனால் நாங்கள் பேசுவது மேலேற்றுகிற வழியில் போகிறது. பல இணைப்புகளில் அந்த வழி ஒடுக்கம். வளவைச் சுற்றி நாலு கமரா பூட்டி, அது இருபத்துநாலு மணித்தியாலமும் படத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தால், அம்மாவின் குரல் அந்த நெரிசலில் நசிந்துபோகும். கமராவைப் பூட்டுகிறவர்கள் நீங்கள்தான். அதன் வேகத்தைக் குறைத்து வையுங்கள், ரவுட்டரில் வசதி இருந்தால் குரலுக்கு முதலிடம் கொடுங்கள்.

கோல் எடுத்து ஏறக்குறைய முப்பது செக்கனில் அறுந்தால், அதுவும் ஒவ்வொரு தரமும் அதே நேரத்தில் அறுந்தால், அது நெரிசல் அல்ல. ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரைப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அல்லது நிறுவனம் தராத, சொந்தமாக வாங்கிய பெட்டி என்றால், ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும், அதை நிறுத்திப் பாருங்கள். உதவி செய்ய வைத்த அந்த வசதி பொதிகளின் முகவரியைப் பிழையாக மாற்றி எழுதிவிடுவதுண்டு. "எடுத்துவிட்டோம்" என்கிற செய்திக்குத் திரும்புகிற பதில் போய்ச் சேராது, 32 செக்கன் பார்த்துவிட்டு மறுபக்கம் வெட்டிவிடும்.

13. ரீசெட் ஓட்டைக்குள் ஊசி விடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. இந்த ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் இதைப் படித்தது ஒரு வீட்டாரின் செலவில். போன் மட்டும் போகாத பெட்டி. இன்டர்நெட் நன்றாக ஓடியது. அவசரத்தில் ஊசியை விட்டு அமத்திப் பிடித்தேன். எல்லா லைட்டும் அணைந்து வந்தது. பிறகு இன்டர்நெட்டும் இல்லை, போனும் இல்லை. போன் கணக்கின் பெயரும் இரகசிய எழுத்தும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன, நான் அழித்துவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம். நிறுவனத்தின் ஆள் வந்து திரும்பப் போட ஐந்து நாள் சென்றது. அந்த வீட்டில் ஓ எல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தாள். ஐந்து நாளும் பின்னேரம் என் மொபைலைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டு வாசலில் இருந்தேன். அதற்குப் பிறகு நான் போகிற எந்த வீட்டிலும் அந்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன்.

14. நிறுவனத்துக்கு எடுக்கும் முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கேட்டது, எந்த லைட் எந்த நிறம், உள்ளே கோல் வருகிறதா. "போன் வேல செய்தில்ல" என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்லும்? "உள்ளே வருகிறது, வெளியே எல்லா நம்பருக்கும் உடனே பிஸி டொன், போன் லைட் எரிகிறது, வேறு போன் மாற்றிப் பார்த்தோம்" என்று சொல்லுங்கள், முறைப்பாடு நேரே உரிய இடத்துக்குப் போகும். ஸ்ரீலங்கா டெலிகொம் என்றால் 1212. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல நாள் சென்றும் தீராவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, அதன் இலக்கம் 1900. அங்கே அந்த முறைப்பாட்டு இலக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

15. வேலை முடிந்ததும் சோதனைக்கென்று 1990 க்கு எடுக்காதீர்கள். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு எங்கள் கிழக்குக்கும் வந்த அந்த இலவச அம்புலன்சின் லைனை உங்கள் சோதனை ஒரு நிமிடம் அடைத்தால், அந்த நிமிடம் வேறொருவருடையது. உங்கள் மொபைலுக்கு ஒன்று, வேறு நிறுவனத்து மொபைல் ஒன்றுக்கு ஒன்று, 065 நம்பர் ஒன்றுக்கு ஒன்று, 067 க்கு ஒன்று, வெளிநாட்டு வசதி இருந்தால் பிள்ளைக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள். போனுக்கு மேலே ஒட்டுகிற மட்டையில் 1990, 119 இரண்டையும், அதன் கீழே அந்த வீட்டின் முழு முகவரியையும் எழுதுங்கள். எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்றும் எழுதுங்கள். பயத்தில் மனிதனுக்குத் தன் வீட்டு இலக்கம் மறந்துபோகும். மாதம் இரண்டு தரமாவது தானாக யாருக்காவது எடுக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். கலண்டரில் அந்த நாட்களைச் சுழித்துக் கொடுத்தால் இன்னும் நல்லம்.

கடைசிக் கோலை வீட்டுக்காரரே எடுக்கட்டும். நீங்கள் நம்பரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், விரலைப் பிடித்துக் காட்டாதீர்கள். மஞ்சந்தொடுவாய் அம்மா மட்டையைப் பார்த்துப் பார்த்துக் களுவாஞ்சிக்குடியில் இருக்கிற தங்கைக்கு எடுத்தார். மணி போவது எனக்கும் கேட்டது. "ஆரு?" என்று அந்தப் பக்கம் கேட்டதும், "நான்தான் புள்ள, நானாத்தான் எடுத்தன்" என்றார். நான் முற்றத்துக்கு இறங்கிச் செருப்பைப் போட்டேன். படலையைச் சாத்தும்போதும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.